சாரலில் அளந்த சூடு

என் தம்பியின் கணினிக்கு ஒரு காற்றுக் கூலர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த சின்ன எழுத்துகளை அவனால் படிக்க முடியவில்லை. அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். தலைப்புகளுக்கு எழுத்து எண்ணியே காலம் போயிற்று. கணினிப் பெட்டியின் உள்ளே அதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

தம்பி கல்யாண வீடியோக்காரன். தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் மேற்குப் பார்த்த அறைதான் அவன் ஸ்டுடியோ. ஜன்னலைத் திறந்தால் குற்றால மலை நேராகத் தெரியும். அவன் மனைவி ஆலங்குளத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ்ஸுக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் அவனும்தான்.

அவனுக்குக் கண் அழுத்த நோய் இருந்தது தெரியவந்தபோது இடது கண்ணில் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அவனால் அதை உணர முடியாமல் போனதற்கு அவன் தொழில்தான் காரணம். கேமராவின் கண்ணாடித் துளையில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு முப்பது வயது தாண்டும்வரை வேலை பார்த்தவன். பின்னால் வந்த கேமராக்களில் திரை இருந்தாலும் பழக்கத்தை விடவில்லை. மூடியே இருக்கும் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்குத் தெரியும்? ஒரு கல்யாணத்தில் இடது பக்கம் நின்ற குத்துவிளக்கில் இடித்துக்கொண்டான். இன்னொரு கல்யாணத்தில் இடப்பக்கமிருந்து நீட்டிய சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். "வீடியோக்காரருக்கு மப்பு" என்று பெண் வீட்டார் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் போனான். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் இழுத்துப் பிடிக்கலாம், எவ்வளவு காலம் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வலது கண்ணிலும் ஓரங்கள் மங்கத் தொடங்கியிருந்தன.

கல்யாண வேலைகளை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தான். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். கல்யாணம் முடிந்து திரும்பும் வழியிலெல்லாம் குற்றாலத்தில் இறங்கி அருவிகளைப் படம் எடுத்து வைத்திருந்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி. பங்குனியில் ஈரக்கோடு மட்டும் தெரியும் பாறை, ஆடியில் நுரை, ஐப்பசியில் போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை விரட்டும் காட்டுவெள்ளம். யாரும் கேட்டு எடுத்ததல்ல. அத்தனையிலிருந்தும் அருவியின் ஒரு வருடத்தை ஒரே படமாக வெட்டி, நிறம் சேர்த்து, முடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

"கண்ணு இருக்கும்போதே முடிச்சிரணும்க்கா" என்றான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, ரசம் கேட்பதுபோலச் சொன்னான்.

நிறம் சேர்ப்பது என்றால் என்ன என்று எனக்கு விளக்கினான். அவன் கேமரா படத்தைச் சாம்பல் பூசியதுபோல வெளிறிப்போய் பதிவு செய்யும். அப்படி எடுத்தால்தான் வெயிலின் வெள்ளையும் நிழலின் கறுப்பும் இரண்டுமே பிழைக்கும். பிறகு கணினியில் உட்கார்ந்து பச்சையைப் பச்சையாக, பாறையைப் பாறையாக மீட்டெடுக்க வேண்டும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகித் திருகிப் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் தண்ணீர் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் என்பான்.

கணினி பழையது. அதனால் உள்ளே கணக்குப் போடும் பிராசசரை அதன் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டிக்கொண்டிருந்தான். ஓவர்கிளாக் என்பார்கள். அவன் "ஏத்தி வச்சிருக்கேன்" என்று சொல்வான். ஏற்றினால் சூடு. கல்யாணப் படத்துக்கு அவ்வளவு சூடு வராது. மேடை அசையாது, வாழைமரம் அசையாது, நாலு பேர் கைதான் அசையும். அசைந்ததை மட்டும் கணினி புதிதாகக் கணக்குப் போட்டால் போதும். அருவி அப்படியில்லை. ஒரு துளிகூட ஒரு நொடிக்கு முன் இருந்த இடத்தில் இப்போது இல்லை. எல்லாவற்றையும் எப்போதும் புதிதாகப் போட வேண்டும். பங்குனிப் பாறை ஓடும்போது விசிறிச் சத்தமே கேட்காது. அருவி விழத் தொடங்கியதும் பெட்டி இரையும். குளிர்ந்த தண்ணீர்தான் அந்த இயந்திரத்தை அதிகம் சுட்டது.

அந்தச் சூட்டைத் தணிக்க அதில் முன்பு தண்ணீர்க் குழாய் வைத்த கூலர் இருந்தது. ஆனி மாதம் அதன் பம்பு நின்றுபோயிற்று. இன்னொரு தண்ணீர்க் கூலர் வேண்டாம் என்று தம்பி உறுதியாக இருந்தான். "ஒரு அருவி போதும்க்கா. பெட்டிக்குள்ள வேறயா?"

வேறு கணினி வாங்கலாமே என்றேன்.

"கண்ணு பழசு. அதுக்கு மெஷின் மட்டும் புதுசாலே?" என்று சொல்லிவிட்டு, "அக்காவ லேன்னு சொல்லிட்டேன் பாரு" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வேகத்தைக் குறைத்து ஓட்டினால் என்ன என்றும் கேட்டேன். குறைத்தால் அருவி ஓடாது, தத்தித் தத்தி நடக்கும் என்றான்.

பழைய பஸ் நிலையத்துப் பக்கம் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனோம். கண்ணாடி போட்ட பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான்.

"வாங்க டீச்சர். பெருசு வேணுமா, சின்னது போதுமா?"

"எங்க அக்கா டீச்சர் இல்ல அண்ணாச்சி. பத்திரிகையில இருந்தவ."

"ரெண்டும் சிவப்புப் பேனா வேலைதான?" என்றார்.

பெரியது இரண்டு செங்கல்லைச் சேர்த்து நிறுத்தியதுபோல இருந்தது. தகடு தகடாக அடுக்கிய இரண்டு கோபுரம், இரண்டு விசிறி. சின்னது ஒரே கோபுரம், ஒரு விசிறி. காதருகே வைத்தாலும் சத்தம் தெரியாது என்று அட்டை சொல்லிற்று. பிராசசரின் முகத்திலிருந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகடுவரை எவ்வளவு இடம் என்பதை நான் தையல் டேப்பால் அளந்து வைத்திருந்தேன். பெரியதன் உயரம் அந்த இடத்தைவிடக் கூடுதலாக இருந்தது, மிஞ்சியது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

"ஒரு எழுத்து கூடிட்டா தலைப்பையே மாத்துவேன்னு சொல்லுவியே. இப்ப என்ன செய்யப்போற?" என்றான் தம்பி.

"பக்கத்துத் தகட்டக் கழத்திப் போட்டிர வேண்டியதான" என்றார் அண்ணாச்சி. "இங்கன பாதி வீட்ல சிபியு சட்ட இல்லாமத்தான் கெடக்கு."

எங்களுக்கு அது ஒப்பவில்லை. திறந்த பெட்டிக்குள் சாரலின் ஈரம் போகும், ஈசல் விழும். தம்பிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அருவியின் சத்தத்தையும் அவன்தான் வெட்டிச் சேர்க்க வேண்டும். திறந்த பெட்டி இரைந்தால் எது விசிறி, எது தண்ணீர் என்று பிரிக்க முடியாது.

"அப்ப சின்னதே போடுங்க. நம்ம ஊருக் காத்துக்கு அதுவே அதிகம்" என்றார் அண்ணாச்சி. "அதுலயும் சூடானா, தூக்கிட்டுப் போயி கோயில் கோபுர வாசல்ல வச்சிருங்க. அங்கன அடிக்குத காத்துக்கு மனுசனே நிக்க முடியல, இது என்ன செய்யும்?"

மூன்று பேரும் சிரித்தோம்.

தம்பி பிராசசரின் முகத்தில் இருந்த பழைய பசையைத் துடைத்து, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் புதுப் பசை வைத்தான். பட்டாணி அளவு என்று அட்டையில் போட்டிருந்தது. வைத்தது பட்டாணியா மொச்சையா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டான். திருகுகளை நான் முடுக்கினேன். ஆடி மாதம், அன்று நல்ல சாரல். மேற்கு ஜன்னல் திறந்திருந்தது. மலைக் கணவாய் வழியாக வந்த காற்றில் மேஜையில் இருந்த அட்டைப்பெட்டி நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. பிராசசரை முழுச் சுமையில் நிறுத்திச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டான். திரையின் மூலையில் சூட்டின் எண் ஏறியது, தயங்கியது, ஓரிடத்தில் நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோதும் அங்கேயே நின்றது. ஆபத்தான எல்லைக்கு வெகு கீழே.

"ஸ்வெட்டர் கேக்கும் போலருக்கு" என்றான்.

பக்கத்துத் தகட்டை மூடித் திருகினோம்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிய செய்தியை எங்கள் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தக் கூலர் விஷயத்தில் நாங்கள் ஆடி மாதத்தை மட்டும்தான் கேட்டோம். இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம் அது. வெளியூர்க்காரர் யாராவது வெயிலைப் பற்றிக் கேட்டால், "நம்ம ஊர்ல வெக்கையே கெடையாது" என்று சாரல் சீசனை மனதில் வைத்துச் சொல்வோம். சித்திரையில் முதுகில் வேர்க்குரு வரும்போது, "இந்த வருசந்தான் இப்படி" என்போம். நான் பிறந்ததிலிருந்து எல்லா வருடமும் இந்த வருசந்தான் இப்படி.

ஆவணியிலும் புரட்டாசியிலும் வேலை நன்றாக நடந்தது. தம்பி காலையில் கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொண்டு, சிறிது நேரம் மூடியிருந்து, பிறகு மாடிக்குப் போவான். பாறையிலிருந்து தொடங்கினான். நான் தேநீர் கொண்டுபோகும்போது காட்டுவான். சாம்பல் படத்தின்மேல் ஒரு திருகு, மரங்கள் பச்சையாகும். இன்னொன்று, பாறையில் பாசி வரும். தண்ணீருக்கு அவன் வெள்ளை கொடுக்கவே இல்லை. மழை விட்ட காலையில் சற்று நீலம், காட்டுவெள்ளத்துக்குத் தேநீரின் நிறம். "வெள்ளையா அருவிய எவன்லே பாத்தான்? காலண்டர்லதான் வெள்ள" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வான். தை பிறந்தபோது சீசன் காட்சிகள் முழுவதையும் முடித்திருந்தான். மீதியிருந்தது ஐப்பசி மழை ஓய்ந்தபின் வரும் நாட்கள்தான். நல்ல வெயில், நிறைந்த தண்ணீர், கூட்டமில்லாத ஐந்தருவி. அதுதான் படத்தின் முடிவு. தான் எடுத்ததிலேயே நல்லது அது என்று சொன்னான்.

மாசி கடைசியில் காற்று நின்றது. மலையில் ஆங்காங்கே காட்டுத் தீயின் புகை தெரிந்தது. தம்பி மாடிக்குப் போவதைக் குறைத்தான். பங்குனியில் அறவே நிறுத்திவிட்டான். கேட்டால், "வெக்கையா இருக்குக்கா, பொறவு பாத்துக்கிடலாம்" என்றான். டிவி பார்ப்பதையும் விட்டான். கூடத்தில் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்திருப்பான். அவன் மனைவி என்னிடம், "படம் முடிஞ்சிட்டா மைனி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சித்திரையில் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் மாடியில் கணினி தானாக உயிர்பெற்று இரையும் சத்தம் கேட்டது. அணைக்கப் போனேன். அவனும் பின்னால் வந்தான். எனக்கு அந்த முடிவைப் பார்க்க ஆசை. "ஐந்தருவிய ஒரு வாட்டி ஓடவிடுலே" என்றேன். தயங்கினான். பிறகு விசைப்பலகையைத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

சாம்பல் நிறத்தில் ஐந்தருவி விழுந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது. விழுந்தது, நின்றது, ஒரு துண்டு காணாமல் போய்க் கீழே தோன்றியது, மறுபடி நின்றது.

"ஏன்லே இப்படி விட்டு விட்டு ஓடுது?"

அவன் திரும்பினான். அவன் முகத்தை நான் அவ்வளவு கவனமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

"உனக்குமா?" என்றான்.

"என்ன எனக்குமா?"

"உனக்கும் விட்டு விட்டுத்தான் தெரியுதா? நெசமாச் சொல்லு."

"படம் தத்துதுலே. யாருக்கானாலும் அப்படித்தான் தெரியும்."

அவன் வந்து பெட்டியின் பக்கத்துத் தகட்டில் உள்ளங்கையை வைத்தான், உடனே எடுத்தான். திரை மூலையில் இருந்த எண்ணைக் காட்டி என்னைப் படிக்கச் சொன்னான். படித்தேன். எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சூடு அந்த இடத்தை எட்டியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை எனக்குச் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கண்ணுன்னு நெனைச்சேன்க்கா."

மாசியில் முதல்முறை அருவி தத்தியபோது பார்வை துண்டு துண்டாகப் போகத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்திருக்கிறான். ஒவ்வொரு நாள் மதியமும் போட்டுப் பார்த்திருக்கிறான்; ஒவ்வொரு நாளும் மோசமாக இருந்திருக்கிறது, வெயில் ஏற ஏற. பாறை சரியாகத் தெரிந்தது, தண்ணீர் மட்டும் தெரியவில்லை. அசைவைப் பிடிக்கும் சக்திதான் முதலில் போகிறது என்று தானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்திருக்கிறான். கணினியில் எது நடந்தாலும் முதலில் சூட்டைப் பார்ப்பவன். இந்த ஒரு முறை பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவன் மனைவி வந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தான். "மெஷினுக்கு வேர்த்ததுக்கு நான் குருடனாயிட்டேன்" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே சுற்றியிருந்த சீல்கூட உடையாமல் இருந்தது.

"விட்டுட்டேன் விட்டுட்டேன்னு தினமும் சொன்னிய."

"போன கண்ணுக்கு எதுக்கு மருந்துன்னு..." என்றான்.

பெரிய கூலரை வாங்கி வந்தோம். அண்ணாச்சி இந்த முறை டீச்சர் என்று கூப்பிடவில்லை. தம்பி கடைப் படியில் காலைத் துழாவியதைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கையைப் பிடித்து ஏற்றினார். திருகுகள் எல்லாவற்றையும் நான்தான் முடுக்கினேன். பசையையும் நானே வைத்தேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். திறந்த பெட்டி இரைந்தது. சித்திரை வெயிலில், நடுமதியத்தில், ஐந்தருவியைப் போட்டோம். எங்கும் தத்தாமல் விழுந்தது. எண் எல்லையை நெருங்கவில்லை.

"எப்படிலே இருக்கு?"

அவன் தலையை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தான். மறுபடி வலமிருந்து இடம். கல்யாண மண்டபத்தில் கூட்டத்தை ஒரே வீச்சில் காட்டக் கேமராவைத் திருப்புவானே, அந்த வேகம். ஒரு முழத் திரையை அவன் அப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"தண்ணி நல்லா ஓடுதுக்கா" என்றான். "மரம் எங்கன?"

மருத்துவரிடம் போனோம். வலது கண்ணில் பார்வை நிறையச் சுருங்கியிருந்தது. மருந்தை நிறுத்தியதுதான் காரணமா என்று அவன் மனைவி கேட்டாள். நிறுத்தியிருக்கக் கூடாது, ஆனால் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் எவ்வளவு நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவரும் அந்தப் பதிலின் இரண்டு பாதிகளில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகும் சில நாள் முயன்றான். திருகைத் திருப்பிவிட்டு, "பச்சையா?" என்று கேட்பான். பச்சைதான் என்பேன். "எந்தப் பச்ச?" என்பான். நான் வார்த்தைகளோடு பிழைத்தவள். அந்தப் பச்சைக்கு என்னிடம் வார்த்தை இல்லை. வாழையிலை என்றேன், பாசி என்றேன். முதல் பகுதியில் அவன் போட்டிருந்த பச்சையைப் பக்கத்தில் வைத்து அதே அளவுக்கு நான் திருப்பவா என்று கேட்டேன். ஓரளவு பழகியிருந்தேன், முடியும் என்றுதான் தோன்றியது.

"வேண்டாம்க்கா."

"கொஞ்சந்தானலே பாக்கி."

"நீ போட்டா அது உன் அருவி ஆயிரும். அப்படியே விடு."

அப்படியே விட்டோம். சத்தத்தை மட்டும் அவன் முடித்தான். அதற்காக வேகத்தைக் குறைத்து, விசிறியை அடக்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று கையைத் தட்டிக் காட்டினான், நான் வெட்டினேன். அதற்கு நிறம் தேவைப்படவில்லை.

ஆடியில், சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கூடத்தில் டிவியில் படத்தைப் போட்டோம். வீரகேரளம்புதூரிலிருந்து அவன் மனைவியின் வீட்டார் வந்திருந்தார்கள். கணினிக் கடை அண்ணாச்சியும் வந்தார். தம்பி டிவியைப் பார்க்காமல் பக்கவாட்டில், ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார்ந்தான். பாறைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வந்ததும் அண்ணாச்சி, "ஏயப்பா" என்றார். தேநீர் நிறத்துக் காட்டுவெள்ளத்தைப் பார்த்து ஒருத்தி தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஐந்தருவி வந்தது. மரம், பாறை, தண்ணீர் எல்லாம் ஒரே வெளிறிய சாம்பல். உச்சிவெயிலில் எடுத்தது அது.

"இது நல்ல சாரல்ல எடுத்தது போலருக்கு" என்றார் அவன் மாமனார். "மலையே தெரியல பாருங்க."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் தம்பியைப் பார்த்தேன்.

"ஆமா மாமா" என்றான். "அன்னைக்கு நல்ல சாரல்."